பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ்

தத்துவ சாஸ்திரம் என்றவுடன் நம் மாணவ நண்பர்களுட் பலர் அஞ்சி அகல்வர். அதிலும் இருத்தலியல் என்னும் பெயரைக் கேட்பின், உள்ள பாடங்கள் போதாவோ என்று வினவுவர். ஆயினும் அவ்வியலை ஆராய்ந்தும் போதித்தும் வாழ்ந்த ஜெர்மானியப் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ் என்பாரது சரிதம், அச்சாஸ்திரத்திற் பயிற்சியில்லாத தமிழ் மாணவராகிய நம்மையும் பிணித்துக் கொண்டமையால், அதனை ஈண்டு ஒருவாறு கூறத் துணிந்தோம்.

யாஸ்பர்ஸ் 1883ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் வட ஜெர்மனியிலுள்ள ஓல்டன்பர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பாங்கியின் தலைவர். செல்வத்திற்குக் குறைவில்லை, உடல் நலமே குறைவு. 18ஆம் வயதில் வைத்தியர் ஒருவர் அவரைச் சோதித்து, மார்பினுள்ளே சுவாசக் குழல்கள் விரிந்து சீழ்கொள்ளும் தீராப் பிணி இஃது என்று தெரிவித்தார். இந்நோயுற்றோர் முப்பது வயதை ஒட்டி இறப்பர் என்று வைத்திய அறிஞர் ஒருவர் எழுதியிருந்ததையும் அவரே படித்தறிந்தார். அன்று முதல் உறங்குவதும் நடப்பதும் படிப்பதும் நேரத்தை அளந்தே செய்யலானார். நாட்கள் சிலவே என்று அறிந்தோர் மனம் போனவாறு திரிதலும் உண்டு. இவரோ அச்சில நாட்களை எண்ணி எண்ணிச் செலவிட்டு 86 வயதளவும் வாழ்ந்தார்!

முதலிற் சட்டம் பயின்றவர், மூன்று பருவங்களுக்குப் பின் அதனை விட்டு வைத்தியம் கற்று, ஹைடல்பர்க் நகரின் மனநோய் வைத்தியசாலையில் ஊதியமின்றிப் பணியாற்றினார். பிணியுடையராதலால் ஏனை வைத்தியர்போல் உழைத்தல் அவர்க்கு இயலாதிருந்தது. தலைவர் நிஸ்ஸல் என்பார் பெருமனத்துடன் அவரை விரும்பியவாறு ஆராய விடுத்தார். அதன் பயனே 1913இல் வெளிவந்த மனநோயியற் பெருநூல். நோய்க்குக் காரணங் காட்டி விளக்குதல் வேறு, நோயாளியின் உள்ளத்தை உள்நின்று உணர்தல் வேறு என்று அந்நூல் பிரித்துக் காட்டிற்று. இதற்கிடையே 1910இல் தம் நண்பர் எர்ன்ஸ்ட் மாயரின் தமக்கையாராகிய கெர்ட்ரூட் அம்மையாரை மணந்தார். அம்மையார் யூத குலத்தவர். இச்செய்தியைப் படிப்போர் நினைவிற் கொள்வாராக.

தத்துவத்தில் முறையான பட்டம் பெறாத இவ்வைத்தியர் 1922இல் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியரானார். உடனிருந்த மூத்த பேராசிரியர் ரிக்கெர்ட் இவரைத் தத்துவ அறிஞராக மதித்தாரில்லை. யாஸ்பர்ஸ் ஏறக்குறையப் பத்தாண்டு பெருநூல் யாதும் வெளியிடாது கற்றும் கற்பித்தும் வந்து, 1931இன் இறுதியில் மூன்று பாகங்கொண்ட நூலை வெளியிட்டார்.

அவர் போதித்ததை நாம் அறிந்த அளவிற் கூறுவோம். மனிதன் ஊரை மாற்றலாம், தொழிலை மாற்றலாம். மாற்றவொண்ணாத நிலைகளும் உள. சாதல், துன்புறுதல், போராடுதல், குற்றத்திற்கு உட்படுதல் என்பன அத்தகையன. இவற்றை அவர் எல்லை நிலைகள் என்றார். மதிலில் மோதினாற்போல் இவற்றில் மோதும்போதே மனிதன் தான் யார் என்பதை அறிகின்றான். ஒருவன் தனித்திருந்து தன் மெய்யிருப்பை அடைதலும் இயலாது. பிறனொருவனோடு மறைவின்றி உரையாடியே அடைதல் வேண்டும். பின்னாளிற் புகழ்பெற்ற ஹன்னா ஆரெண்ட் அம்மையார் அகஸ்தீனின் அன்புக் கொள்கையை ஆராய்ந்து 1928இற் பட்டம் பெற்றது இவரிடமே.

1933இல் ஹிட்லர் ஆட்சி எய்தினார். மனைவி யூதராதல் பற்றி யாஸ்பர்ஸ் சர்வகலாசாலை நிர்வாகத்தினின்று விலக்கப்பட்டார். 1937இற் பதவியும் பறிக்கப்பட்டது. பின்னர் நூல் வெளியிடவும் தடை உண்டாயிற்று. நெடுநாள் நண்பர் ஹைடெகர் ஃபிரைபர்க் சர்வகலாசாலையின் தலைவராகி அவ்வாட்சியின் பக்கம் நின்றார். 1933க்குப் பின் இருவரும் சந்தித்திலர். 1940 அக்டோபரில் பாடன் முதலிய பகுதிகளின் யூதர் 6,500 பேரளவு பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். அம்மையார் யூதரல்லாதவரின் மனைவியாதலின் தப்பினார்.

1942இல் ஸ்விட்ஸர்லாந்து செல்ல யாஸ்பர்ஸுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் மனைவி உடன் வரலாகாது என்பது நிபந்தனை. ஆங்கே போதிக்கலாம், நூல் வெளியிடலாம், உயிர்க்கு அச்சமில்லை. அவர் செல்ல மறுத்தார். பிடிக்க வருவாராயின் இருவரும் ஒருங்கே உயிர் துறப்பதென்று நஞ்சை அருகில் வைத்துக்கொண்டு வாழ்ந்தனர். அச்செயல் நம் கிறிஸ்தவ நெறிக்கு ஏலாதென்பதை அறிவோம். அவ்வீட்டினுள் ஓர் இரவும் கழியாத நாம் தீர்ப்புக் கூற அஞ்சுகின்றோம். 1945 ஏப்ரல் 14ஆம் நாள் அவர்கள் நாடு கடத்தப்படுவர் என்று நம்பத்தகுந்த செய்தி வந்தது. மார்ச்சு 30ஆம் நாள் அமெரிக்கப் படை ஹைடல்பர்க்கைக் கைக்கொண்டது. இடையே இருந்தவை 15 நாட்கள்.

மீண்டும் பதவி எய்திய பேராசிரியர், 1945-46 குளிர்காலத்தில், தோற்று இடிந்த நாட்டின் மாணவர் முன் நின்று ஜெர்மானியரின் குற்றத்தைப் பற்றியே போதித்தார். சட்டத்தின் முன் குற்றம், அரசியற் குற்றம், மனச்சாட்சியின் முன் குற்றம், கடவுள் ஒருவரே தீர்ப்பளிக்கத்தக்க குற்றம் என அதனை நால்வகைப்படுத்தினார். யூதர் கொண்டுபோகப்பட்ட காலத்துத் தாமும் உயிரோடிருந்தமையை நான்காவதனுள் அடக்கினார். தீங்கிழைக்கப்பட்டவரே குற்றமுடையாரோடு சேர்ந்து நிற்பது நாம் எளிதிற் காணும் காட்சியன்று. ஹைடெகர் மீண்டும் போதிக்கலாமா என்ற வினா எழுந்தபோது, ஆராய்ச்சி நடத்த அவர்க்கு உதவித்தொகை அளிக்கலாம், வகுப்பிற்குள் மட்டும் சில ஆண்டு விடலாகாது என்று எழுதினார். நண்பரைக் காட்டிக் கொடுத்தார் என்பதா? நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. படிப்போர் நூலை மூடி வைக்கலாம். வகுப்பிலுள்ள இளைஞர் காதை மூடிக்கொள்ள இயலுமா?

1948இல் ஸ்விட்ஸர்லாந்தின் பேஸல் சர்வகலாசாலைக்கு, இம்முறை மனைவியோடு, சென்று 1961 வரை போதித்தார். 1957இல் அவர் வெளியிட்ட நூலொன்று சாக்ரட்டீஸ், புத்தர், கன்பூஷியஸ், இயேசு என்னும் நால்வரையும் ஒரே வரிசையில் வைக்கின்றது. கிறிஸ்துவின் வெளிப்பாடு ஒன்றே மெய் என்பதை அவர் ஏற்றிலர். வேத ஆராய்ச்சியாளர் புல்ட்மானோடும் வாதிட்டார். இங்கே நாம் அவரோடு உடன்படோம். எனினும் அவரை விசுவாசம் குன்றியவர் என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. ஞாயிறுதோறும் ஆலயஞ் சென்ற ஜெர்மானியர் பலர் 1940இல் என் செய்தனர் என்னும் கேள்வி நம்மைத் தடுக்கின்றது.

1969 பிப்ரவரி 26ஆம் நாள் பேஸல் நகரில் யாஸ்பர்ஸ் காலமானார். அன்று கெர்ட்ரூட் அம்மையாரின் 90ஆவது பிறந்த நாள்.