ஊரைக் கூட்டிய துறவி

துறவி என்றால் ஊரை விட்டு ஒதுங்கி இருப்பவர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் ஊருக்குள் இறங்கி வந்து, உழவர்களை ஒன்றாக உட்கார வைத்தார் ஒரு துறவி. அவர்தான் குன்றக்குடி அடிகளார்.

காலணாப் பரிசு

மாயூரத்துக்கு அருகே நடுத்திட்டு என்று ஒரு சிற்றூர். அங்கே 1925-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் அரங்கநாதன்.

சிறு வயதில் தமிழறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளையின் வீட்டுக்கு அவர் போவது உண்டு. ஒரு குறளை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் காலணா கிடைக்கும். காசுக்காகப் படித்த குறள் நெஞ்சில் தங்கிவிட்டது. உழவை உயர்த்திச் சொன்ன அந்த நூல் கடைசி வரை அவருக்கு வழிகாட்டியாக இருந்தது.

பிறகு தருமபுரம் ஆதீனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே துறவு பூண்டார். செட்டிநாட்டில் உள்ள குன்றக்குடி மடம் அவரை அழைத்தது. 1952-ல் அந்த மடத்தின் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

வானம் பார்த்த பூமி

காரைக்குடியில் இருந்து சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் குன்றக்குடி இருக்கிறது. மலை மேல் முருகன் கோவில். கீழே ஊர். அன்று அது இராமநாதபுரம் ஜில்லா. இன்று சிவகங்கை மாவட்டம்.

காவிரி பாயும் தஞ்சைச் சீமையில் பிறந்தவர், செம்மண் காட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கே ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் நெல். மழை பொய்த்தால் கடன்.

செட்டிநாட்டில் பெரிய பெரிய மாளிகைகள் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் தேடிய செல்வம் கட்டிய மாளிகைகள் அவை. அவற்றின் அருகிலேயே, விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கி, அறுத்ததும் கிடைத்த விலைக்கு விற்கும் ஏழை உழவர்களும் இருந்தார்கள்.

வறுமை தலைவிதி அல்ல, மனிதர்கள் கூடினால் அதை மாற்றலாம் என்பது அடிகளாரின் கொள்கை. 1956, 57-ம் ஆண்டுகளில் வினோபா தமிழ்நாட்டில் நடந்து நடந்து நிலம் கேட்டார். அந்தப் பூமிதான இயக்கத்தில் அடிகளாரும் பங்கு கொண்டார். ஆனால் நிலம் கிடைத்தால் மட்டும் போதுமா? தனி ஆளாக நிற்கும் சிறு விவசாயி அந்த நிலத்தை எப்படிக் காப்பாற்றுவான்?

பிச்சை அல்ல, பங்கு!

அதற்கு அவர் கண்ட வழி கூட்டுறவு.

இது புது வழி அல்ல. 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் விவசாயிகளைச் சேர்த்துக் கடன் சங்கம் அமைத்தார். இந்தியாவில் 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சென்னைக்கு அருகே திரூரில் ஒரு சங்கம் தொடங்கியது.

சங்கத்தில் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டுத்தான். ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டுத்தான். தர்மம் வாங்குகிறவன் கை தாழ்ந்து இருக்கும். பங்கு போட்டவனோ, கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவன். அவன் சங்கத்துக்குச் சொந்தக்காரன். ஏழைக்குச் சோறு போட்டு அனுப்புவதைவிட, அவனை உழைக்க வைத்து உயர்த்துவதே பெரிய அறம் என்று அடிகளார் நம்பினார்.

இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு இது புரியாத விஷயம் அல்ல. கண்மாயை ஒருவர் மட்டும் தூர் எடுக்க முடியாது. மடையை ஒருவர் மட்டும் காக்க முடியாது. தண்ணீருக்கு ஊர் கூடுவது போல விதைக்கும், விலைக்கும், தொழிலுக்கும் கூட வேண்டும். அவ்வளவுதான்!

விஞ்ஞானிகள் வந்தார்கள்

1970-களின் பிற்பகுதியில் குன்றக்குடியில் கிராமத் திட்டம் தொடங்கியது. திட்டம் டில்லியில் இருந்து வரவில்லை. சென்னையில் இருந்தும் வரவில்லை. ஊருக்கு என்ன தேவை என்று ஊராரே கூடிப் பேசினார்கள். பயிர், கால்நடை, சிறு தொழில் ஆகியவற்றைக் கூட்டுறவு முறையில் வளர்க்க முயன்றார்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து, 1953-ல் பொங்கல் திருநாளன்று திறக்கப்பட்டது. அங்கே படித்த மேதைகள் இருந்தார்கள். பக்கத்துக் கிராமத்திலோ வேலை இல்லாதவர்கள் இருந்தார்கள். நடுவே ஒரு மதில் சுவர்! அடிகளார் அந்தக் கதவைத் தட்டினார். விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்தார்கள். ஒரு மடாதிபதி விஞ்ஞானத்துக்கும் வயலுக்கும் பாலம் போட்டதை நாடு வியப்புடன் பார்த்தது.

டில்லியும் கவனித்தது. குன்றக்குடித் திட்டத்தை மத்திய திட்டக் குழு பாராட்டியது. மக்களிடம் விஞ்ஞானத்தைப் பரப்பியதற்காக 1991-ல் அடிகளாருக்குத் தேசிய விருது கிடைத்தது.

1982-ல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டபோது, அங்கே சென்று சமாதானத்துக்குப் பாடுபட்டவரும் அவரே. பிரிந்து கிடப்பவர்களைச் சேர்த்து வைப்பதே அவருடைய தொண்டாக இருந்தது.

1995-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

இன்று பல ஊர்களில் விவசாயிகள் சங்கத்துக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. கூட்டம் என்றால் நாலு பேர்கூட வருவது இல்லை. கடன் வேண்டும் என்றால் மட்டும் சங்கத்தின் நினைவு வருகிறது. பலகை மாட்டினால் அது சங்கம் ஆகிவிடாது. பங்கு எடுக்க வேண்டும். கூட்டத்துக்குப் போக வேண்டும். கணக்கைக் கேட்க வேண்டும். மடத்துத் தலைவரே ஊராரோடு சேர்ந்து இதற்காகப் பாடுபட்டார். ஊர்க்காரர் திண்ணையில் இருந்து எழுந்து போகக் கூடாதா?