கேமரன் மலைக்குப் பெயர் தந்தவர்

நாம் வாழும் இம்மலைக்குக் கேமரன் மலை எனும் பெயர் வந்த வரலாற்றை மாணவச் செல்வங்கள் அறிந்திருத்தல் நலம்.

கேமரன் என்பது ஸ்காட்லாந்து நாட்டின் ஒரு குடிப்பெயர். அந்நாட்டின் மேற்கு மலைப்பகுதியே அக்குடியினரின் தாயகம். அவர்களுடைய பழைய மொழியாகிய கேலிக்கில் இப்பெயருக்கு ‘வளைந்த மூக்கு’ என்று பொருள் கூறுவர். முன்னோர் ஒருவரின் முகத்தோற்றமே குடிக்குப் பெயராயிற்று போலும்.

இக்குடியினருள் பலர் கடல் கடந்து சென்றனர். சார்லஸ் ஹே கேமரன் இலங்கை ஆட்சிமுறையை ஆராய்ந்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். அவர்தம் மனைவியார் ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். புகைப்படக் கலையிற் புகழ் ஈட்டியவர். இவ்விருவரும் இலங்கை மலையகத்தில், நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர் வாழும் பொகவந்தலாவையில் அடக்கமாகியுள்ளனர்.

நம் மலைக்குப் பெயர் தந்தவரோ வில்லியம் கேமரன் எனும் நில அளவையாளர். 1885ஆம் ஆண்டில் பகாங், பேராக் எல்லைப்புறத்தை ஆராயும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். குலோப் ரியாவ் என்பவர் அவருக்குத் துணையாயிருந்தார். அடர்ந்த காட்டினூடே சென்ற அவர், மலைகள் சூழ்ந்த மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டு செய்தி தெரிவித்தார். பூர்வகுடி மக்களுக்கு இம்மலை முன்னரே வாழ்விடமாயிருந்தது; வெளியுலகிற்குத்தான் அது புதுச் செய்தி.

ஆயினும் அம்மேட்டுநிலத்தை அவர் வரைபடத்திற் குறிக்கவில்லை. மறு ஆண்டே, 1886இல், அவர் மறைந்தார். அவர் கண்ட இடம் எது என்பதே பல்லாண்டுகள் ஐயத்திற்குரியதாயிற்று. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் முயற்சி தொடங்கியது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. தாப்பாவிலிருந்து வரும் சாலை 1931இல் நிறைவுற்றது.

கேமரன் இங்குக் குடியேறவில்லை. ஒரு தேயிலைச் செடியும் நடவில்லை. எனினும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. காடு திருத்திக் கொழுந்து கிள்ளிய நம் பாட்டன் பாட்டியரின் பெயர்களோ எந்த வரைபடத்திலும் இல்லை. குறித்து வையாதது மறைந்துபோகும் என்பதைக் கேமரனின் வாழ்வே நமக்கு உணர்த்துகின்றது.

ஆதலின், பெற்றோர்களே! உங்கள் முன்னோர் எவ்வூரிலிருந்து எப்போது வந்தனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே! கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இம்மலையின் வரலாறு அப்போதுதான் முழுமை பெறும்.