ராயபுரம் அக்னிக் கோயிலும் குயின் ஆல்பம் அட்டையும்: ஃப்ரெடி மெர்குரி யார்?

ராயபுரத்தில் ஒரு அக்னிக் கோயில் இருக்கிறது. 1910-ல் கட்டப்பட்ட அது, தமிழ்நாட்டில் பார்சிகளுக்கென இருக்கும் ஒரே கோயில். அந்தப் பக்கம் பைக்கில் போகிற நம்மில் பலர் கவனித்திருக்கவே மாட்டோம். அதே பார்சி சமூகத்தில் பிறந்தவர்தான் பிரிட்டனின் ‘குயின்’ ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. மேடையில் அவர் பாடிய விதம் எல்லாருக்கும் தெரியும். அவர் முறையா டிசைன் படிச்சவர் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இயற்பெயர் ஃபரூக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5-ல் சான்சிபாரில் பிறந்தார். எட்டு வயதில் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ‘ஃப்ரெடி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும், முதல் இசைக்குழு அமைந்ததும் அங்கேதான். 1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் லண்டனுக்குத் தப்பியது. அங்கே ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்து 1969-ல் டிப்ளமோ வாங்கினார். கையில் காசில்லாத காலம். கென்சிங்டன் மார்க்கெட்டில் துணி விற்றார்.

1970-ல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரோடு சேர்ந்தார். குழுவுக்கு ‘குயின்’ என்று பெயர் வைத்ததும், அதன் முத்திரையை வரைந்ததும் அவரே. அந்த முத்திரையைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க. டெய்லருக்கும் ஜான் டீக்கனுக்கும் சிம்ம ராசி, அதனால் இரண்டு சிங்கம். மே கடகம், அவருக்கு நண்டு. ஃப்ரெடி கன்னி, தனக்கு இரண்டு தேவதைகள். (நம்ம ஊர் ஜாதகக் கணக்கு இல்லை, மேற்கத்திய ராசி.) நடுவில் கிரீடத்தோடு ‘க்யூ’ எழுத்து, மேலே ஃபீனிக்ஸ் பறவை.

1975-ன் ‘எ நைட் அட் தி ஓபரா’ வெள்ளை அட்டையிலும், அடுத்த ஆண்டு ‘எ டே அட் தி ரேசஸ்’ கறுப்பு அட்டையிலும் இந்த முத்திரைதான். நால்வரின் முகமும் இல்லாமலே இசைத்தட்டு விற்றது! ஆனால் எனக்குப் பிடித்தது 1974-ன் ‘குயின் 2’. இருட்டில் மிதக்கும் நான்கு முகங்கள். நடிகை மார்லீன் டீட்ரிச்சின் பழைய படம் ஒன்றைப் பார்த்து, புகைப்படக்காரர் மிக் ராக் எடுத்தது. அதே காட்சி அப்படியே ‘பொஹீமியன் ராப்சடி’ வீடியோவிலும் வரும்.

1987-ல் அவருக்கு எச்ஐவி தொற்று உறுதியானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு, இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைச் சென்னையில் கண்டறிந்திருந்தது. அந்த நோயின் பெயரைச் சொன்னாலே ஒதுக்கிவைத்த காலம் அது, லண்டனிலும் சரி, இங்கேயும் சரி. ஃப்ரெடி வெளியே சொல்லவில்லை. பத்திரிகைகள் துரத்தின. அவர் ஸ்டுடியோவில் பாடிக்கொண்டே இருந்தார்.

1991 பிப்ரவரியில் ‘இன்னுவெண்டோ’ வந்தது. 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் கிராண்ட்வில் வரைந்த ஒரு வித்தைக்காரர்தான் அட்டையில். உடல் உருக்குலைந்திருந்த ஃப்ரெடியின் படம் இல்லை. நவம்பர் 23-ல் எய்ட்ஸ் இருப்பதை அறிக்கையில் ஒப்புக்கொண்டார். மறுநாள் இறந்தார், வயது 45. லண்டனில் நடந்த இறுதிச் சடங்கை ஜொராஸ்டிர மத குருமார் நடத்தினார்கள். ராயபுரம் கோயிலில் வழிபடுவோரின் மதமும் அதுதான்.