பனி பெய்த கதையும் திரும்பி வராத எழுத்தாளரும்

பினாங்கில் பனி பெய்யாது. அர்ஜெண்டினாவின் தலைநகரமான புவெனஸ் ஐரிஸிலும் அப்படித்தான், மிக அபூர்வம். 1918-இல் ஒருமுறை பெய்தது. அடுத்த பனிப்பொழிவுக்கு அந்நகர மக்கள் 2007 வரை காத்திருந்தார்கள். இடையில் 1957-இல் அங்கே ஒரு பனி பெய்தது, ஆனால் சித்திரக்கதை வார இதழ் ஒன்றின் பக்கங்களில் மட்டும். மேலே பட்டவுடன் உயிரைக் குடிக்கும் பனி அது.

அந்தக் கதையின் பெயர் ‘எல் எத்தர்நௌதா’. காலங்களுக்குள் முடிவில்லாமல் பயணம் செய்கிறவன் என்று பொருள் கொள்ளலாம். 2025 ஏப்ரல் 30-இல் நெட்ஃபிலிக்ஸ் இதைத் தொடராக வெளியிட்டபோது நம் நாட்டிலும் பலர் பார்த்தார்கள். ஆனால் கதையை எழுதியவரைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படவில்லை.

எக்டர் ஹெர்மான் ஓஸ்டர்ஹெல்ட் 1919 ஜூலை 23-ஆம் தேதி புவெனஸ் ஐரிஸில் பிறந்தார். தந்தை ஜெர்மானிய வம்சாவளியினர், தாய் ஸ்பானிய வம்சாவளியினர். படித்தது நிலவியல். பிள்ளைகளுக்கான கதைகளில் தொடங்கி, 1950-களில் சித்திரக்கதை வசனம் எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டார். மனைவி எல்சா. எஸ்தெலா, டயானா, பெயாத்ரிஸ், மரீனா என்று நான்கு பெண் பிள்ளைகள்.

1957-இல் தம்பி ஹோர்ஹேவுடன் சேர்ந்து ‘ஃப்ரொந்தேரா’ என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி அவர்களின் வார இதழில் ‘எல் எத்தர்நௌதா’ முதல் பகுதி வெளிவந்தது. படம் வரைந்தவர் ஃபிரான்சிஸ்கோ சொலானோ லோப்பெஸ். அப்போது அவருக்கு 28 வயது. வாரம் சில பக்கங்களாக வந்த கதை, ஈராண்டுகளில் சுமார் 350 பக்கங்களாக வளர்ந்தது.

கதை ஒரு வீட்டின் மேல்மாடியில் தொடங்குகிறது. ஹுவான் சால்வோவும் அவருடைய மூன்று நண்பர்களும் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கீழே மனைவியும் மகளும் இருக்கிறார்கள். திடீரென்று தெரு அடங்கிப் போகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் பனி, சாலையெங்கும் பிணங்கள். வீட்டில் கிடைத்த பொருள்களை வைத்து உடலை முழுவதும் மூடும் உடை ஒன்றைத் தைத்துக்கொண்டு வெளியே போகிறார்கள்.

அதுவரை வேற்றுக்கிரகவாசிகள் என்றால் நியூயார்க்கில் இறங்குவார்கள், இல்லாவிட்டால் லண்டனில். ஓஸ்டர்ஹெல்ட் அவர்களைத் தம் ஊருக்கே கொண்டுவந்தார். ரிவர் பிளேட் காற்பந்து அரங்கம் கோட்டையாகிறது, தினமும் நடக்கும் சாலைகள் போர்க்களமாகின்றன. கொம்தார் மாடியில் எதிரி உட்கார்ந்திருக்க, சௌராஸ்தா சந்தைக்குள் நம் ஆட்கள் பதுங்கியிருப்பதாக ஒரு கதை வந்தால் ஜார்ஜ்டவுன் வாசகர்களுக்கு எப்படி இருக்கும்? அந்நகர வாசகர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கதையில் துணிச்சலாக நிற்பவர்களில் ஒருவன் கடைசல் பட்டறைத் தொழிலாளி. இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் உண்டு. தனியாகப் பறந்து வந்து காப்பாற்றும் நாயகன் யாருமில்லை. கூடி நிற்கும் கூட்டமே தம் கதையின் நாயகன் என்று பிற்கால நூல் பதிப்பின் முன்னுரையில் ஓஸ்டர்ஹெல்டே விளக்கியிருக்கிறார்.

எதிரிகளை அவர் அமைத்த விதம் இன்னும் கூர்மையானது. முதலில் ராட்சத வண்டுகள் தாக்குகின்றன. அவற்றை இயக்குவது பல விரல்கள் கொண்ட ‘கைகள்’ என்னும் இனம். அந்தக் ‘கைகளும்’ அடிமைகள்தாம். பயந்தாலே நஞ்சு சுரந்து செத்துவிடும்படி அவர்கள் உடலில் ஒரு சுரப்பி பொருத்தப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலே ‘அவர்கள்’ இருக்கிறார்கள். கதை முடியும்வரை ‘அவர்களை’ யாரும் பார்ப்பதில்லை. தோட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த அடுக்கு புதிதாக இருக்காது. கூலிக்கு மேல் கங்காணி, அவருக்கு மேல் கிராணி, அப்புறம் துரை. துரைக்கும் மேலே, லண்டனில், முகம் தெரியாத முதலாளிகள்.

கதை புகழ் தந்தது, பதிப்பகம் நிலைக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஃப்ரொந்தேரா நொடித்துப் போனது. சொலானோ லோப்பெஸ் ஐரோப்பாவுக்குப் போய், பிரிட்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்துக்கு ‘ஜேனஸ் ஸ்டார்க்’ போன்ற கதைகளை வரைந்தார். 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யும் ஃப்ளீட்வே சரக்குதான், அதை வரைந்தவர் வேறொருவர் என்றாலும்.

ஓஸ்டர்ஹெல்டின் மற்றொரு பெரிய கூட்டாளி அல்பெர்த்தோ ப்ரெச்சா. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ப்ரெச்சா இளவயதில் இறைச்சிக்கூடப் பகுதியில் குடல் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். 1962-இல் இவர்கள் தொடங்கிய ‘மோர்ட் சிந்தர்’ கதையில் செத்துச் செத்துப் பிழைக்கும் ஒருவன் வருகிறான். சே குவாரா கொல்லப்பட்ட சில மாதங்களில், 1968-இல், அவருடைய வாழ்க்கையைச் சித்திரக்கதையாக்கினார்கள். ப்ரெச்சாவின் மகன் என்ரிக்கேயும் அதில் வரைந்தார். அந்த நூல் பின்னர் தடை செய்யப்பட்டது.

1969-இல் ‘ஹெந்தே’ என்ற பிரபல வார இதழ் ‘எல் எத்தர்நௌதா’வை மீண்டும் கேட்டது. பழைய கதையையே கொடுத்திருந்தால் சிக்கல் இல்லை. ஓஸ்டர்ஹெல்ட் மாற்றினார். வல்லரசுகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள, தென் அமெரிக்காவையே படையெடுத்து வந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகின்றன. ப்ரெச்சாவின் படங்களோ மையைக் கொட்டிக் கலைத்ததுபோல் இருண்டு கிடந்தன. வாசகர்கள் குழம்பினார்கள், இதழ் நிர்வாகம் முடிக்கச் சொன்னது. இரண்டாண்டு ஓடிய கதையைச் சில வாரப் பக்கங்களுக்குள் அடைக்க வேண்டியதாயிற்று. கடைசிப் பகுதிகளில் எழுத்தே நிரம்பி வழியும். இன்று அந்தக் குறுங்கதையின் ஓவியங்களை உலகமெங்கும் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் புதிதாக வாசிப்பவர்கள் 1957 கதையில் தொடங்குவதே நல்லது.

1970-களில் நான்கு மகள்களும் இடதுசாரி பெரோனிய ஆயுதக் குழுவான மொந்தொனேரோஸில் சேர்ந்தார்கள். ஐம்பதைக் கடந்திருந்த தந்தையும் சேர்ந்தார். எல்சாவுக்கு இதில் உடன்பாடில்லை. 1976 மார்ச் 24-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஓஸ்டர்ஹெல்ட் தலைமறைவாக இருந்துகொண்டே ‘எல் எத்தர்நௌதா’வின் இரண்டாம் பாகத்தை எழுதினார். நாடு திரும்பியிருந்த சொலானோ லோப்பெஸ் வரைந்தார். அந்தப் பாகத்தின் அரசியல் ஓவியருக்குப் பிடிக்கவில்லை. முதல் பாகத்தில் இருந்த ஈரம் அதில் குறைவு என்பதும் உண்மை.

1976 ஜூனில் பெயாத்ரிஸ் கடத்தப்பட்டார். நால்வரில் தாய்க்குத் திரும்பக் கிடைத்த உடல் அவருடையது மட்டும். அதே ஆண்டு கர்ப்பிணியாக இருந்த டயானாவைப் பிடித்தார்கள். 1977 ஏப்ரல் 27-இல் லா பிளாத்தா நகரில் ஓஸ்டர்ஹெல்ட் பிடிபட்டார். அந்த ஆண்டின் இறுதிக்குள் எஸ்தெலா கொல்லப்பட்டார், மரீனா காணாமற் போனார். அவரும் கர்ப்பிணி. மருமகன்களும் தப்பவில்லை.

எஸ்தெலாவின் சின்னஞ்சிறு மகனை இரகசிய முகாமில் இருந்த தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, பிறகு பாட்டியிடம் ஒப்படைத்தார்கள். அதே முகாம்களில் இருந்து உயிர் தப்பியவர்கள் 1977 கிறிஸ்துமஸ் காலம் வரை ஓஸ்டர்ஹெல்டைப் பார்த்திருக்கிறார்கள். 1978-இல் அவர் கொல்லப்பட்டிருக்கலாம் என்று நம்பப்படுகிறது. உடல் கிடைக்கவில்லை. அந்த ஆட்சியில் காணாமற் போனவர்கள் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் கணக்கிடுகின்றன.

அர்ஜெண்டினா இன்று செப்டம்பர் 4-ஆம் தேதியைச் சித்திரக்கதை நாளாகக் கொண்டாடுகிறது.

கதையின் ஹுவான் சால்வோ, தொலைந்துபோன மனைவியையும் மகளையும் தேடிக் காலம் காலமாக அலைகிறான். கணவரையும் நான்கு மகள்களையும் இழந்த எல்சாவுக்கு மிஞ்சியவர்கள் இரண்டு பேரன்கள். டயானாவும் மரீனாவும் சுமந்த குழந்தைகள் சிறையில் பிறந்திருக்கக்கூடும் என்பதால், காணாமற்போன பேரப்பிள்ளைகளைத் தேடும் பாட்டிமார் சங்கத்தோடு சேர்ந்து அவர் தேடினார். அவர்களைப் பார்க்காமலேயே 2015-இல் காலமானார். அந்தக் குழந்தைகள் எங்காவது வேறு பெயரில் வளர்ந்திருந்தால், இப்போது அவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும்.