விற்பனை வரியும் மூதறிஞர் இராஜாஜியும்

கடை இரசீதில் வரித்தொகையைக் காணும்போதெல்லாம் எனக்கு மூதறிஞர் இராஜாஜியின் நினைவு வரும். 1878-இல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த அன்னார், சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ் பெற்றார். 1917-இல் அந்நகராட்சியின் தலைவருமானார்.

1937-இல் சென்னை மாகாணப் பிரதம அமைச்சரானதும், அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். ஏழையின் குடியால் கருவூலம் நிரம்புவது அறமன்று என்பது அவர் கொள்கை. ஆனால் இழந்த வருவாய்க்கு ஈடு வேண்டுமே! 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், விற்பனைக்கு வரி விதிக்கும் உரிமையை மாகாணங்களுக்கு அளித்திருந்தது. அதைக்கொண்டு 1939-இல் இந்தியாவின் முதல் பொது விற்பனை வரியை இயற்றினார். ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்த கடைகளுக்கு விலக்கு. 20,000-க்கு மேற்பட்டால் நூற்றுக்கு அரை ரூபாய். வணிகர்கள் எதிர்த்தனர், அவர் அசையவில்லை.

குடிக்காத ஏழையும் இவ்வரியைச் சுமக்க நேர்ந்ததே என்று நான் எண்ணுவதுண்டு. 1971-இல் தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்ந்தது. மறு ஆண்டே இராஜாஜி மறைந்தார். ஈடாக வந்த வரியோ நிலைத்துவிட்டது. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோதும், மதுவின் மீதான வரி மாநிலங்களிடமே தங்கியது. எவ்வளவு வருகிறது என்பதோடு, எவ்வழியில் வருகிறது என்றும் கேட்ட ஆட்சியாளர் அவர். அக்கேள்விக்காகவே அவரைப் போற்றுகிறேன்.