தங்கை இறந்தாள், ஆஸ்பத்திரி பிறந்தது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை

1923-ம் ஆண்டு. ஓர் இளம்பெண் புற்றுநோயால் இறந்தாள். அவளுடைய அக்காள் ஒரு டாக்டர். அப்படி இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த அக்காள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பிள்ளை பெறும் தாய், பால் குடிக்கும் குழந்தை, பள்ளிக்குப் போகும் சிறுவர், கடும் நோயில் விழுந்தவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் தனித்தனி வைத்தியம் வேண்டும். இதற்காகவே பாடுபட்டவர் இந்த அம்மையார்.

ஆண்கள் நடுவே ஒரு பெண்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள்.

அங்குள்ள மகாராஜா கல்லூரியில் ஆண்கள்தான் படித்தார்கள். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். முத்துலட்சுமி சேர்ந்தார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னை அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அங்கே அந்த வேலைக்கு வந்த முதல் பெண் இவரே.

அந்தக் காலத்தில் பிரசவம் என்றால் செத்துப் பிழைப்பதுதான். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டப் பெண்கள் கூசினார்கள். பெண் டாக்டர் வந்தது அவர்களுக்குப் பெரிய தைரியம்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1925-ல் லண்டன் சென்று, பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படித்தார்.

குழந்தைக்குத் தனி இடம்

குழந்தைக்கு வரும் நோய் வேறு. கொடுக்க வேண்டிய மருந்தின் அளவும் வேறு. எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஆகவே குழந்தைகளுக்குத் தனி வைத்தியம் தேவை.

முத்துலட்சுமி சென்னை சட்டசபையில் உறுப்பினராகி, 1927-ல் துணைத் தலைவரும் ஆனார். அங்கே குழந்தைகளுக்காக வாதாடினார். அதன் பலனாகச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது.

பள்ளிப் பிள்ளைகளை டாக்டர்கள் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். கண் பார்வை மங்கிய பிள்ளையை மந்தமான பிள்ளை என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்வதையும் அவர் எதிர்த்தார். உடம்பு முதிராத வயதில் கருவுற்றால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. இன்று அது 18.

ஆதரவற்ற பெண்களுக்காக 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

31 ஆண்டுகள்

இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தங்கையை அவர் மறக்கவில்லை.

புற்றுநோய் எந்த வயதிலும் வரும். வந்தால் சாவுதான் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். பிழைக்காதவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு.

அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார்.

1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அப்போது இருந்தவை 12 படுக்கைகளே. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே வைத்தியம் பார்த்தார். மறு ஆண்டு டாக்டர் சாந்தாவும் வந்து சேர்ந்தார்.

தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு அப்போது வயது 67.

1956-ல் அவருக்குப் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலமானார்.

அடையாறு ஆஸ்பத்திரி இன்று பெரிதாக வளர்ந்து, நாடெங்கிலுமிருந்து வரும் நோயாளிகளுக்கு வைத்தியம் செய்கிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு கொடுக்கும் மகப்பேறு உதவித் தொகைக்கும் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.