மாவைக் கடனுக்குக் கொடுத்த மேயர்

ஊருக்கு மாவு வந்துவிட்டது. ஆனால் ஜனங்களின் பசி தீரவில்லை!

இது நடந்தது ஜெர்மனியில். 1846-ம் ஆண்டு அங்கே உருளைக்கிழங்குச் செடிகள் நோய் கண்டு அழுகின. தானியமும் சரியாக விளையவில்லை. குளிர்காலம் வந்ததும் மலைக் கிராமங்களில் பஞ்சம் தலைவிரித்து ஆடியது.

வையர்புஷ் என்ற ஊரின் மேயர், இளைஞர் ரைபைசன். மேயர் என்றதும் பெரிய நகரத்தை நினைக்க வேண்டாம். சுற்றிலும் உள்ள பல சிற்றூர்களின் நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரி, அவ்வளவுதான்.

அவர் அரசாங்கத்திடம் உதவி கேட்டார். அரசாங்கம் மாவு அனுப்பியது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ரொக்கப் பணம் கொடுப்பவருக்கு மட்டுமே மாவு கொடுக்கவேண்டும்!

கையில் ரொக்கம் இருந்தால் அவன் ஏன் பட்டினி கிடக்கிறான்?

உத்தரவை மீறினார்

ரைபைசன் உத்தரவை ஒதுக்கிவைத்தார். ஏழைகளுக்கு மாவைக் கடனுக்குக் கொடுத்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் இப்படிச் செய்வது சாதாரண காரியம் அல்ல. வேலைக்கே ஆபத்து வரலாம்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. வசதி உள்ளவர்களைக் கூட்டிப் பணம் திரட்டினார். தானியம் வாங்கினார். பொதுவில் ஒரு ரொட்டி அடுப்பு கட்டினார். கடையில் விற்றதைவிட மிகக் குறைந்த விலையில் ரொட்டி கிடைத்தது. பணம் இல்லாதவர்கள் பிறகு கொடுப்பதாக எழுதிக்கொடுத்து வாங்கிப்போனார்கள். விதைக் கிழங்கும் வாங்கிக் கொடுத்தார்.

ரைபைசன் 1818-ம் ஆண்டு மார்ச் 30-ந்தேதி பிறந்தவர். வீட்டில் ஒன்பது குழந்தைகள். 17 வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண் நோய் வந்ததால் பட்டாளத்தை விட்டு விலக நேர்ந்தது. 1845-ம் ஆண்டு வையர்புஷ் மேயர் ஆனார். பள்ளிக்கூடம் கட்டினார். விளைபொருள்களை ரைன் நதிப் பக்கம் கொண்டுபோக ரோடு போடச் செய்தார்.

மாடும் போச்சு, நிலமும் போச்சு

1848-ல் அவரை பிளாமர்ஸ்பெல்டு என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கே வேறு தொல்லை. குடியானவர்கள் மாடு வாங்கக் கடன் வாங்குவார்கள். வட்டி குட்டி போடும். கடைசியில் மாடும் போகும், நிலமும் போகும்.

ரைபைசன் 60 செல்வந்தர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். அவர்கள் தங்கள் சொத்தை ஜாமீனாக்கிப் பணம் பெற்றார்கள். குடியானவர்களுக்கு மாடு வாங்கிக் கொடுத்தார்கள். 5 ஆண்டுகளில் தவணையாகத் திருப்பித் தந்தால் போதும்.

1852-ல் ஹெடஸ்டார்ப் ஊருக்குப் போனபோதும் இதே போன்ற சங்கம் ஆரம்பித்தார். ஆனால் நாள் செல்லச் செல்ல செல்வந்தர்களின் ஆர்வம் குறைந்தது. ஊரார் கடனுக்கு எத்தனை காலம்தான் தங்கள் சொத்தை ஈடு வைப்பார்கள்? அவர்களையும் குறை சொல்ல முடியாது.

கருணை உள்ளவர்கள் கையை விரித்தால் ஏழையின் கதி என்ன? ரைபைசனை வாட்டிய கேள்வி இதுதான். மனம் இல்லாமல்தான் அவர் வழியை மாற்றினார் என்று சொல்லவேண்டும். தர்மத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

1864-ல் புதிய கடன் சங்கம் பிறந்தது. கடன் வேண்டுமா? நீயும் அங்கத்தினர் ஆகவேண்டும். ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் எல்லோரும் பொறுப்பு. அதனால் யார் நாணயமானவர், யார் குடித்து அழிப்பவர் என்று பார்த்தே கடன் கொடுத்தார்கள். சங்கம் ஒரு சிறு வட்டாரத்துக்குள் இருக்கும். அங்கே யாரைப்பற்றி யாருக்குத் தெரியாது? நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. லாபத்தைப் பங்கு போடாமல் சேமநிதியில் சேர்த்தார்கள்.

மகள் தந்த கண்கள்

1863-ல் மனைவி எமிலி இறந்தார். ரைபைசனின் பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது. 1865-ல், 47 வயதிலேயே, வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற ஒயின் வியாபாரம் செய்தார்.

மூத்த மகள் அமாலியாதான் அவருக்குக் கண். தந்தை சொல்லச் சொல்ல மகள் எழுதினார். 1866-ல் ரைபைசன் கடன் சங்கங்களைப்பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்துப் பல ஊர்களில் சங்கங்கள் தோன்றின.

1888-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி ரைபைசன் காலமானார்.

சில ஆண்டுகளில் அவர் பெயர் நம் பக்கமும் வந்தது. சென்னை அரசாங்கம், குடியானவர்களின் கடன் தொல்லைக்கு வழி காணும்படி பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைக் கேட்டுக்கொண்டது. அவர் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்தார். 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். ரைபைசன் காட்டிய வழியே இந்தியாவுக்கு ஏற்றது என்பது அவர் முடிவு.

1904-ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் விவசாயிகளின் கடன் சங்கம் ஆரம்பமாயிற்று.